இரண்டாவது முறை திறந்த ஜன்னல்: ஒரு சைனஸ் லிஃப்ட் நிகழ்வு ஆய்வு

செயற்கைப் பல் நடுவதற்காக மேல்தாடையில் எலும்பின் உயரத்தைக் கூட்டும் அறுவைதான் சைனஸ் லிஃப்ட். என் கையில் ஒரு முறை தோற்று, ஐந்து மாதம் கழித்து ஒழுங்கான ஒரு சைனஸ் லிஃப்ட் இது. நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். வயது முதலான சில விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். தோற்ற நாளில் சைனஸ் சவ்வு கிழிந்தது. ஆனால் கிழிசலை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் ஆகும். அன்று பிளேடைக் கையில் எடுப்பதற்கு முன்பே இரண்டு இடத்தில் தவறியிருந்தேன். ஒன்று திட்டத்தில், இன்னொன்று நோயாளியிடம் கேட்ட கேள்விகளில்.

பின்னணி

வந்தவருக்கு 58 வயது. கொங்குப் பகுதியில் ஒரு சிறு ஊரில் மாவு மில் நடத்துகிறார். அரிசி, ராகி, மிளகாய், மல்லி எல்லாம் அரைக்கிற மில். மேல்தாடையின் வலது பக்கத்தில் கடைசி மூன்று பற்களும் இல்லை. பல் மருத்துவர்கள் எண்ணால் சொல்வோம்: 15, 16, 17. அதாவது இரண்டாவது முன்கடைவாய்ப் பல்லும், முதல், இரண்டாம் கடைவாய்ப் பற்களும். ஏழெட்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தவை, எடுத்தவை. கழற்றி மாட்டும் பல் செட் ஒன்று வைத்திருந்தார், ஆனால் அது பெரும்பாலும் சட்டைப் பையில்தான் இருந்தது.

பிரிட்ஜ் கட்ட முடியாது. பின்னால் தாங்க ஒரு பல்லாவது வேண்டும், அது இல்லை. ஆகவே இம்பிளாண்ட், அதாவது எலும்பில் திருகி நடும் செயற்கை வேர், கேட்டு வந்தார். இடது பக்கத்திலேயே மென்று மென்று அந்தப் பக்கத் தாடை மூட்டில் வலி வேறு.

மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு மேலே ஒரு காற்றறை இருக்கிறது. அதுதான் மேல்தாடை சைனஸ். 1651-ல் இங்கிலாந்தின் நத்தானியேல் ஹைமோர் இதை விரிவாக எழுதியதால் ஹைமோர் குகை என்ற பெயரும் உண்டு. வளர்ந்தவர்களுக்கு அதன் கொள்ளளவு ஏறத்தாழ 12 முதல் 15 மி.லி. பல் போன பிறகு இந்த அறை கீழே இறங்குகிறது. கீழிருந்து தாடை எலும்பும் கரைகிறது. இரண்டுக்கும் நடுவே மிஞ்சும் எலும்பு சிலருக்கு அப்பளம் போலாகிவிடும். 10 மி.மீ. நீள இம்பிளாண்டை அதில் நட முடியாது.

சைனஸ் தரையில் ஒட்டியிருக்கும் சவ்வைக் கிழிக்காமல் மேலே தூக்கி, அடியில் உண்டாகும் இடத்தில் எலும்புத் துகளை நிரப்பி, அது எலும்பாக மாறக் காத்திருப்பதுதான் சைனஸ் லிஃப்ட். அமெரிக்காவின் அலபாமாவில் 1976-ல் ஹில்ட் டேட்டம் இதைப் பற்றிப் பேசினார். 1980-ல் பாய்ன், ஜேம்ஸ் இருவரும் முதலில் அச்சில் வெளியிட்டார்கள். கன்னப் பக்கச் சுவரில் ஜன்னல் வெட்டிச் செய்வது ஒரு வழி. இம்பிளாண்டுக்குத் துளையிடும் பாதையிலேயே, கீழிருந்து மெல்லத் தட்டித் தூக்குவது இன்னொன்று. இந்த இரண்டாவது வழியை 1994-ல் சம்மர்ஸ் பரவலாக்கினார். மிச்ச எலும்பு ஐந்தாறு மி.மீ. இருந்தால் கீழ்வழி போதும். அதற்கும் குறைந்தால் பெரும்பாலும் ஜன்னல்தான்.

முதல் பரிசோதனையில் கண்டது

சிபிசிடி என்னும் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனில் மிச்ச எலும்பின் உயரம் 15-ல் 6 மி.மீ., 16-ல் 2.8 மி.மீ., 17-ல் 3.4 மி.மீ. அகலம் எங்கும் போதுமானது. சைனஸ் மூக்குக்குள் வடியும் மேல் துளை திறந்திருந்தது. பக்கச் சுவருக்குள் ஓடும் ரத்தக்குழாய் தாடை விளிம்பிலிருந்து 15 மி.மீ. மேலே தெரிந்தது. ஜன்னலின் மேல் விளிம்பை 13 மி.மீ.க்குக் கீழே நிறுத்தினால் அதைத் தொட வேண்டியதில்லை.

அப்புறம் இரண்டு விஷயம். சைனஸ் தரையில், 16-க்கும் 17-க்கும் நடுவில், கன்னத்திலிருந்து அண்ணம் நோக்கிக் குறுக்கே ஒரு தடுப்பு எலும்பு. செப்டம் என்போம். உயரம் 5 மி.மீ. 1910-ல் அண்டர்வுட் விவரித்த விஷயம் இது. ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு சைனஸுக்கு ஒன்றில் இருக்கும், அபூர்வமில்லை. இரண்டாவது, தரைச் சவ்வின் தடிமன். ஆரோக்கியமான சவ்வு ஒரு மில்லிமீட்டரையொட்டித்தான் இருக்கும், பலருக்கு அதைவிடவும் மெல்லியது. முட்டையை உடைக்கும்போது ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் தோல் மாதிரி. மாணவர்கள் பச்சை முட்டையில் ஓட்டை மட்டும் சீவிப் பழகுவது அதனால்தான். இவருக்கோ 2.6 மி.மீ.

அதைப் பார்த்து நான் கேட்டது ஒரே கேள்வி. “தும்மல், சளித் தொந்தரவு உண்டுங்களா?”

அவர் சிரித்தார். “மிளகா அரைக்கறவனுக்குத் தும்மல் இல்லாம இருக்குங்களா, டாக்டர்?”

நியாயமான பதிலாகத்தான் பட்டது. மில் தூசி என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். எங்கள் படிவத்தில் பீடி, சிகரெட், வெற்றிலை, பாக்கு, புகையிலை என்று வரிசையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். அது உண்மைதான்.

சர்க்கரை இருந்தது. இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.2. இரண்டு மாதம் தள்ளிப்போட்டோம். அவருடைய மருத்துவர் மாத்திரையை மாற்றியபின் 7.1-க்கு வந்தது.

முதல் திட்டமும் அதற்கான காரணங்களும்

மூன்று பற்களுக்கும் மூன்று இம்பிளாண்ட் என்பது திட்டம். 15 முதல் 17 வரை முழுத் தரையையும் தூக்க வேண்டும். அதற்கு 18 மி.மீ. நீளத்தில் ஒரே ஜன்னல். செப்டத்தின் மேலேயே கடந்துபோவது. எலும்பு கெட்டியானபின், ஏழெட்டு மாதம் கழித்து இம்பிளாண்ட். 16-ல் 2.8 மி.மீ. எலும்பு ஒரு திருகை அசையாமல் பிடித்து நிற்காது. நாலைந்து மி.மீ. இருந்தால் அன்றே நடலாம். அதற்குக் கீழே போனால் காத்திருப்பது மேல். இந்த முடிவில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் மூன்று பல் என்ற எண்ணை யார் முடிவு செய்தது? விழுந்தது மூன்று, வைப்பதும் மூன்று என்றே இரு தரப்பும் எடுத்துக்கொண்டோம். 17 அவசியமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. 16 வரை பல் இருந்தால் மெல்லுவதற்குப் பெரும்பாலோருக்குப் போதும். கீழ்த்தாடையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லின் முன்பகுதி மேல் 16-ன் பின்விளிம்பில் படும் என்பதால் அது மேலெழுந்து வருவதும் பெருமளவு தடைபடும். 17-ஐ விட்டிருந்தால் செப்டத்தைத் தொட வேண்டிய தேவையே இல்லை. ஸ்கேனை வைத்து இரண்டு நிமிடத்தில் எடுத்திருக்க வேண்டிய முடிவு.

மாற்று வழிகளையும் சொன்னோம். ஒன்றுமே செய்யாமல் விடலாம் என்பதும் அவற்றில் ஒன்று. 15-ல் மட்டும் ஒரு சிறு இம்பிளாண்ட் வைத்து நிறுத்தலாம் என்பதும் ஒன்று. அவர் முழுதாக வேண்டும் என்றார்.

எலும்புத் துகள் பற்றிப் பேசும்போது அவருடைய மனைவி உடனிருந்தார். அதிக ஆண்டு ஆய்வுகள் உள்ள துகள் மாட்டெலும்பிலிருந்து வருவது. புரதம் முழுவதையும் நீக்கிக் கனிமப் பகுதியை மட்டும் வைத்திருப்பார்கள். மெதுவாகக் கரையும், தூக்கிய உயரம் குறையாமல் நிற்கும். அதைத்தான் நானும் வழக்கமாகப் பயன்படுத்துகிறேன். எதிலிருந்து வருகிறது என்று சொன்னதும் அந்த அம்மா கையெழுத்துப் போடும் தாளை நகர்த்திவிட்டார்.

“மாடுன்னா வேண்டாங்க. பசு கட்டிக் கும்புடற வீடுங்க எங்களது.”

நோயாளி, “மருந்துதானே” என்று இழுத்தார். அம்மா விடவில்லை. செயற்கைத் துகளுக்கு மாறினோம், ஹைட்ராக்ஸிஅபடைட்டும் ட்ரைகால்சியம் பாஸ்பேட்டும் கலந்தது. ஜன்னலை மூடும் கொலாஜன் படலமும் மாடு அல்லது பன்றியிலிருந்துதான் அதிகம் வருகிறது. மீன் கொலாஜனில் செய்ததும் இங்கே கிடைக்கிறது, அதை வரவழைத்தோம். இந்தப் பேச்சைச் சம்மதத் தாளின் பொடி எழுத்துக்குள் புதைத்துவிடும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. வாயில் வைத்தபின் தெரிந்தால் திரும்ப எடுக்க முடியாத பொருள் இது.

முதல் அறுவை

கார்த்திகை மாதம். லிக்னோகெயின், அட்ரினலின் கலந்த ஊசி. ஈறு மடிப்பைத் தூக்கி, பீசோ கருவியால் ஜன்னலை வெட்டினோம். பீசோவின் அதிர்வு எலும்பை அறுக்கும், மென்மையான திசுவை அவ்வளவாகக் காயப்படுத்தாது. 2001-ல் வெர்செலோட்டி இதைச் சைனஸ் லிஃப்டுக்குக் கொண்டுவந்தபின் ஜன்னல் வெட்டும்போது கிழிவது குறைந்தது. ஆனால் பீசோ முடிந்து கைக்கருவி தொடங்கும் இடத்தில் பழைய ஆபத்து அப்படியே இருக்கிறது. எங்களுக்கும் அங்கேதான் நடந்தது.

ஜன்னல் எலும்பை எடுத்தபோது சாம்பல் நீலத்தில் சவ்வு தெரிந்தது. மூச்சு விட விட ஏறி இறங்கியது. முழுதாக இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். முன்பகுதி, 15-ன் பக்கம், அழகாகப் பிரிந்து வந்தது. செப்டத்தின் சரிவில் ஏறும்போது, சவ்வைப் பிரிக்கும் கைக்கருவியான கியூரெட்டின் விளிம்பு எலும்பை விட்டு ஒரு கணம் விலகியது. சவ்வு அங்கே இறுக்கமாக ஒட்டியிருந்தது. தடித்துப்போன சவ்வு உறுதியாக இருக்கும் என்று தோன்றும். கையில் பட்டபோது ஊறிப்போன காகிதம் மாதிரி இருந்தது. ஏறத்தாழ 4 மி.மீ. கிழிசல்.

ஐந்து மி.மீ.க்குள் என்றால் பயமில்லை. சுற்றியுள்ள சவ்வைத் தளர்த்திவிட்டால் மடிப்பு தானே மூடிக்கொள்ளும், மேலே ஒரு கொலாஜன் துண்டு போதும். தளர்த்துவதற்காகச் செப்டத்தின் மறுபக்கம் போனேன். இந்த இடத்தில் நான் முன்பக்கமும் உள்சுவர்ப் பக்கமும் தளர்த்தியிருக்க வேண்டும். கிழிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி கருவியை வைத்தேன். கிழிசல் நீண்டது. அளந்தபோது 12 மி.மீ. இருக்கும்.

இப்போது இரண்டு வழி. பெரிய கொலாஜன் படலத்தைப் பை போல மடித்து உள்ளே விரித்து, அதற்குள் துகளை நிரப்புவது ஒன்று. லோமா லிண்டா பை என்று இதற்குப் பெயர், 2003-ல் ப்ரூசாஃப்ஸ், லொசாடா இருவரும் எழுதியது. நல்ல கைகளில் நன்றாக வருகிறது. இன்னொன்று, மூடிவிட்டு வருவது.

மூடினேன். செப்டம் நடுவே நிற்கும்போது படலம் இரு பக்கமும் சீராக உட்காராது. துகள் சிதறிச் சைனஸுக்குள் போனால் வடியும் துளையை அடைக்கும், சீழ் பிடிக்கும். சர்க்கரை உள்ளவர், ஏற்கெனவே தடித்த சவ்வு. இவ்வளவும் காரணங்கள். இன்னொரு காரணத்தையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவது கிழிசலுக்குப் பிறகு என் கை நிதானத்தில் இல்லை. அந்த நிலையில் பை மடிக்கும் வேலை செய்யக் கூடாது.

ஒரு துகள்கூட வைக்கவில்லை. ஈறும் சவ்வும் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஜன்னலின் மேல் மீன் கொலாஜன் படலத்தைப் பரப்பித் தைத்தோம்.

நாற்காலியை நிமிர்த்தியவுடனே சொன்னேன். “ஐயா, உள்ளே இருக்கிற சவ்வு கிழிஞ்சிருச்சு. கிழிச்சது என் கருவிதான். அதனால எலும்பு வைக்கலை. ஆறட்டும், அப்புறம் திரும்பப் பார்க்கலாம்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “காசுங்க?” என்றார். வைக்காத பொருளுக்குக் காசு இல்லை, அடுத்த முறை அறுவைக் கட்டணமும் இல்லை என்றேன். அவர் மனைவி வெளியே வந்தபின் தனியாகக் கேட்டார்: “உசுருக்கு ஒண்ணுமில்லீங்களே?” இல்லை என்பதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள்

அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட், வலி மாத்திரை, ஐந்து நாளைக்கு மட்டும் மூக்குச் சொட்டு மருந்து. இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, மில்லுக்குப் போகக் கூடாது. எல்லாம் தமிழில் அச்சடித்துக் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் காலை போன். மூக்கிலிருந்து ரத்தம். வரச் சொன்னோம். வந்து சேர்ந்தபோது நின்றுவிட்டது. தையல் நன்றாக இருந்தது, கன்னம் கொஞ்சம் வீங்கியிருந்தது. “மில்லுக்குப் போனீங்களா?” என்றேன். இல்லை என்றார். பக்கத்தில் நின்ற அம்மாதான் போட்டு உடைத்தார்.

“மில்லுக்குப் போகலீங்க. பொடி போட்டாருங்க. முப்பது வருசப் பழக்கம், நாளைக்குப் பத்துத் தடவை ஆகும்.”

மூக்குப்பொடி. புகையிலைத்தூள், நேராக மூக்குக்குள். என் படிவத்தில் பீடியும் சிகரெட்டும் இருந்தன, வாயில் போடும் புகையிலை இருந்தது. மூக்கில் போடும் புகையிலை இல்லை. மூக்கை ஒட்டிய அறைக்குள் அறுவை செய்யப் போகிறவன் மூக்குக்குள் என்ன போகிறது என்று கேட்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. “வாயில எதுவும் போடறதில்லீங்க” என்று அன்றைக்கே சொன்னாராம். உதவியாளர் அதையும் எழுதி வைத்திருந்தார்.

சவ்வு தடித்ததற்குப் பொடிதான் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். மிளகாய்த்தூளும் இருக்கிறது, ஒவ்வாமையும் இருக்கலாம். ஆனால் முதல் நாளே தெரிந்திருந்தால் அந்த 2.6 மி.மீ.யைத் தூசி என்று கடந்துபோயிருக்க மாட்டேன்.

காத்திருந்த ஐந்து மாதம்

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினோம். முதல் அறுவைக்கு முன்பே அனுப்பியிருக்க வேண்டும் என்று அவர் சொல்லாமல் சொன்னார். எண்டோஸ்கோப்பியில் சைனஸ் வடியும் பாதை திறந்திருந்தது, சீழ் இல்லை. மூக்கின் உள்தோல் வீங்கியிருந்தது. ஸ்டீராய்டு ஸ்ப்ரே, உப்புநீர்க் கழுவல். மில்லில் முகக்கவசம். பொடியை நிறுத்தியாக வேண்டும்.

பொடி உடனே நிற்கவில்லை. தை மாதம் வரை டப்பி பையில் இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். கடைசி மூன்று மாதம் சுத்தமாக இல்லை. வீட்டில் அம்மாவும் அதை உறுதி சொன்னார்.

ஐந்தாம் மாதம் எடுத்த ஸ்கேனில் தரைச் சவ்வு 1.3 மி.மீ. கிழிந்த இடம் ஆறி, தொடர்ச்சியாகத் தெரிந்தது. பழைய ஜன்னலின் விளிம்புகளில் எலும்பு ஓரளவு வளர்ந்திருந்தது. எச்பிஏ1சி 6.8.

இரண்டாவது திட்டம்

இந்த முறை ஸ்கேனை அவர் முன்னால் வைத்துக்கொண்டு 17 வேண்டாம் என்றேன். விளக்கியபின், “மூணு பல்லுக்கு வாங்க வேண்டிய காசு ரெண்டுக்குத்தானுங்களே?” என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார். ஆமாம்.

15-ம் 16-ம் மட்டும். ஜன்னல் செப்டத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும், 9 மி.மீ. நீளம், 6 மி.மீ. உயரம். போன முறை பகையாக இருந்த செப்டம் இப்போது துகளைப் பின்னால் நழுவாமல் தாங்கும் சுவர். 15-க்கு மட்டும் கீழ்வழி போதுமானதுதான். ஆனால் 16-க்காக எப்படியும் ஜன்னல் திறக்கிறோம் என்பதால் சேர்த்தே தூக்கினோம்.

இரண்டாவது அறுவை

சித்திரையில் செய்தோம். பழைய ஜன்னலின் முன்விளிம்பில் ஈறும் சைனஸ் சவ்வும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. படலம் வைத்தும் முழுதாகத் தடுக்க முடியவில்லை. அங்கே உரித்துத் தூக்கினால் மறுபடி கிழியும். பிளேடால் நுனி நுனியாகப் பிரித்தோம். ஈறின் ஒரு மெல்லிய அடுக்கைச் சவ்வின் மேலேயே விட்டுவிட்டோம். முழு அறுவையில் அதிக நேரம் எடுத்தது இந்த இரண்டு சென்டிமீட்டர்தான். முதல் முறை கிழிந்தவர்களைத் திரும்பத் திறப்பவர்கள் இதற்கென்றே நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

ஜன்னலுக்குப் பிறகு தூக்கும் வரிசையை மாற்றினேன். முதலில் கீழ்விளிம்பு முழுவதும் ஒரு மில்லிமீட்டர் மட்டும். பிறகு முன்சுவர். பிறகு தரை. தரையில் நகரும்போது கருவியின் முதுகு சவ்வைப் பார்க்க, விளிம்பு எப்போதும் எலும்பைச் சுரண்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓசை நின்றால் நானும் நின்றேன். உள்சுவர் வரை தூக்கினோம். கன்னப் பக்கம் மட்டும் தூக்கிவிட்டு நிறுத்தினால் இம்பிளாண்டின் அண்ணப் பக்கம் எலும்பில்லாமல் நிற்கும். அவசரத்தில் பலர் செய்வது அது. செப்டத்தின் அடிவாரத்தில் வேலையை முடித்துக்கொண்டேன்.

முன்மூலையில் 2 மி.மீ.க்கும் குறைவாக ஓர் ஓட்டை விழுந்தது. சவ்வைச் சுற்றிலும் தளர்த்தியதும் மடிந்து மூடியது. நோயாளியின் ரத்தத்தை எடுத்து அப்போதே சுழற்றி உறையவைத்த பிஆர்எஃப் படலத்தை அதன்மேல் விரித்தோம். செயற்கைத் துகளோடு ஜன்னல் சுவரிலிருந்து சுரண்டிய சொந்த எலும்பைக் கலந்து, முதலில் உள்சுவர்ப் பக்கம், பிறகு வெளியே என்று நிரப்பினோம். ஏறத்தாழ 1.5 கன செ.மீ. இடித்து அடைக்கவில்லை. துகளுக்கு நடுவே ரத்தம் ஊற இடம் வேண்டும். ஜன்னல் மேல் மீண்டும் மீன் கொலாஜன்.

பின்விளைவுகள்

கண்ணுக்குக் கீழ் ஒரு வாரம் நீலம் பாரித்தது. மூக்கில் ரத்தம் இல்லை. கன்னத்தில் ஒரு பாரம் இருப்பதாக இரண்டு மாதம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்கேனில் காரணம் எதுவும் தெரியவில்லை, அது தானாகவே போனது.

எட்டாம் மாதம் 16-ல் மொத்த உயரம் 11.6 மி.மீ., 15-ல் 12 மி.மீ.க்குச் சற்று மேல். 10 மி.மீ. நீளத்தில் இரண்டு இம்பிளாண்ட் வைத்தோம். 16-ல் துளையிடும்போது எலும்பு மென்மையாகத்தான் இருந்தது. கடைசி அளவு டிரில்லை விட்டுவிட்டுக் குறுகிய துளையிலேயே திருகினோம். பிடிப்பு 15-ல் 35 நியூட்டன் செ.மீ., 16-ல் 25. இம்பிளாண்ட் எவ்வளவு அசையாமல் நிற்கிறது என்பதை அதிர்வெண்ணால் அளக்கும் ஐஎஸ்க்யூ எண் 68, 61. அன்றே பல் வைக்கலாமா என்று கேட்டார். 61-ல் வைக்க எனக்கு மனமில்லை. நாலரை மாதம் கழித்து 74, 71. இரண்டையும் இணைத்து, திருகால் பொருத்தும் பல் வைத்தோம்.

இரண்டு ஆண்டு ஆகிறது. 16-ல் இருந்த 11.6 மி.மீ. இப்போது 10.7. செயற்கைத் துகள் கொஞ்சம் கரையும் என்பது எதிர்பார்த்ததுதான். இம்பிளாண்ட் நுனி இன்னும் எலும்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டிய இடைவெளி. இம்பிளாண்டின் கழுத்தைச் சுற்றிய எலும்பிழப்பு ஒரு மி.மீ.க்குள். கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல் மேலேறவில்லை. சைனஸ் தொந்தரவு இல்லை.

பொதுவான கணக்கில் இதை எங்கே வைப்பது? 2008-ல் பியெட்டர்சன் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஜன்னல் வழி அறுவைகளில் 19.5 சதவீதத்தில் சவ்வு கிழிந்திருந்தது. ஐந்தில் ஒன்று. கரடான மேற்பரப்பு உள்ள இம்பிளாண்ட், ஜன்னல் மேல் படலம் இரண்டும் சேர்ந்த இடங்களில் மூன்று ஆண்டில் 98.3 சதவீதம் நிலைத்தன. அதே ஆண்டு கீழ்வழிக்கு நடந்த தொகுப்பில் கிழிசல் 3.8 சதவீதம். அங்கே மிச்ச எலும்பு அதிகம், ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியல்ல. கிழிவது சாதாரணம் என்று இந்த எண்கள் சொல்கின்றன. என் நோயாளிக்கு அன்று கிழிந்தது அந்த ஐந்தில் ஒன்றுக்குள் வரும் துரதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பிக்கலாம். செப்டத்தைத் தேடிப் போனவன் அப்படிச் சொல்ல முடியாது.

மாற்றியவை

எங்கள் படிவத்தில் இப்போது புகையிலை என்று ஒரு கேள்வி இல்லை, மூன்று இருக்கின்றன: புகைப்பது, வாயில் வைப்பது, மூக்கில் போடுவது. கூடவே வந்தவரிடமும் கேட்கிறோம், நோயாளி முன்னிலையில், அவர் சம்மதத்தோடு. சவ்வு 2 மி.மீ.க்கு மேல் இருந்தால், காரணம் தெரிந்த மாதிரி இருந்தாலும், முதலில் மூக்கு மருத்துவர்.

திட்டம் போடும்போது எத்தனை பல் விழுந்தது என்பதற்கு முன் எத்தனை பல் தேவை என்று எழுதுகிறேன். செப்டம் இருக்கும் சைனஸில் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் இரு பக்கமும் தனித்தனி ஜன்னல். அதன் முதுகில் ஒரே ஜன்னலை ஓட்டுவதில்லை.

எப்போது நிறுத்துவது என்பதை அறுவைக்கு முன்பே தாளில் குறித்து உதவியாளரிடம் கொடுத்துவிடுகிறேன்: கிழிசல் 10 மி.மீ. தாண்டினால், அல்லது செப்டத்தின் மேல் 5 மி.மீ. தாண்டினால், மூடு. அளப்பது அவர், நான் இல்லை. இதுவரை ஒரு முறை அந்தத் தாளைக் காட்டி அவர் என்னை நிறுத்தியிருக்கிறார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனாலும் மூடினேன். அந்த நோயாளி வரும் ஆடி முடிந்து இரண்டாவது ஸ்கேனுக்கு வருகிறார்.